வார்டில் சாதி, மன்றத்தில் கட்சி: மலை நகரங்களில் சேர்மன் நாற்காலி யாருக்குப் போகிறது?

நீலகிரியிலும் பழனி மலையிலும் மேயர் கிடையாது. மாநகராட்சி இருந்தால்தான் மேயர். 2022 தேர்தலின்போது தமிழ்நாட்டில் 21 மாநகராட்சிகள் இருந்தன, அவற்றில் ஒன்றுகூட மலைமேல் இல்லை. இங்கே அந்த நாற்காலிக்கு நகர்மன்றத் தலைவர் என்று பெயர், ஊர் வழக்கில் சேர்மன். 2022 தேர்தலில் நீலகிரியில் உதகை, குன்னூர், கூடலூர், நெல்லியாளம். பழனி மலையில் கொடைக்கானல். இந்த ஐந்து நகராட்சிகளைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

அடுத்த சேர்மன் யார் என்ற பேச்சு எழுந்தால் டீக்கடையில் மூன்று கேள்விகள் வரும். என்ன சாதி? கோயிலா, சர்ச்சா, பள்ளிவாசலா? கட்சியில் யாருடைய ஆள்? மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் மூன்றும் ஒரே இடத்தில் வேலை செய்வதில்லை. வார்டு என்ற சிறு வட்டத்துக்குள் யார் கவுன்சிலர் என்பதைச் சாதியும் மதமும் பெருமளவு முடிவு செய்கின்றன. அந்தக் கவுன்சிலர்களுக்குள் யார் சேர்மன் என்பதைக் கட்சி முடிவு செய்கிறது. பதவியேற்புக்கும் சேர்மன் தேர்வுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. 2022இல் அது இரண்டே நாள்: மார்ச் 2இல் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள், மார்ச் 4இல் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்சி விசுவாசம் உண்மையில் சோதிக்கப்படுவது அந்த நேரத்தில்தான்.

இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் "உதகையில் கிறிஸ்தவர் இத்தனை சதவீதம், முஸ்லிம் இத்தனை சதவீதம், ஆகவே சேர்மன் இவர்" என்று போடும் கணக்குகள் பொய்த்துப் போகின்றன. 2011 கணக்கெடுப்பின்படி உதகை நகரில் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 21 சதவீதம், முஸ்லிம்கள் 13 சதவீதம். கொடைக்கானலில் கிறிஸ்தவர்கள் 38 சதவீதத்துக்கும் மேல், இந்துக்கள் பாதிக்குச் சற்றுக் குறைவு. இந்த எண்கள் முக்கியம். ஆனால் ஊர் முழுக்கச் சேர்த்து ஒரே தட்டில் வைத்து எடைபோடும் தேர்தல் இங்கே இப்போது நடப்பதில்லை.

ஒரு காலத்தில் நடந்தது. 1996, 2001 தேர்தல்களில் மக்களே நேரடியாகச் சேர்மனுக்கு ஓட்டுப் போட்டார்கள். 2006இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் மீண்டும் நேரடித் தேர்தல். 2016இல் அறிவிக்கப்பட்ட உள்ளாட்சித் தேர்தல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் ரத்தானது. 2019 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம், கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கும் மறைமுக முறையைத் திரும்பக் கொண்டுவந்தது, 2022 தேர்தல் அந்த முறையில் நடந்தது. ஆட்சியில் இருப்பவர்களின் வசதிக்கு ஏற்ப விதி மாறியது என்பதே எங்கள் கருத்து. விதி மாறும்போதெல்லாம் சாதிக்கும் மதத்துக்கும் உள்ள எடையும் மாறுகிறது. நேரடித் தேர்தலில் ஊர் முழுக்க ஓட்டு வாங்கக்கூடிய முகம் வேண்டும். பெரும்பான்மைச் சமூகத்தவர், அல்லது எல்லாச் சமூகமும் ஏற்றுக்கொள்ளும் டாக்டர், வக்கீல், வியாபாரி போன்ற ஒருவர். மறைமுகத் தேர்தலில் அந்த முகம் தேவைப்படாது. தன் வார்டில் ஜெயித்தவராக இருந்து, கட்சியின் மாவட்டச் செயலாளர் அவர் பெயரைச் சொன்னால் போதும்.

நேரடித் தேர்தலுக்கும் ஒரு விலை உண்டு. அதற்குத் தெளிவான உதாரணம் அமெரிக்காவின் சிகாகோ. அங்கே 1931க்குப் பிறகு ஜனநாயகக் கட்சியைத் தவிர வேறு கட்சிக்காரர் மேயரானதில்லை. 1983இல் அந்தக் கட்சியின் வேட்பாளராகக் கறுப்பினத்தவரான ஹரால்டு வாஷிங்டன் நின்றார். காலமெல்லாம் அந்தக் கட்சிக்கே ஓட்டுப்போட்ட வெள்ளையர்களில் பெரும் பகுதியினர் எதிர்க்கட்சி வேட்பாளர் பக்கம் போனார்கள். அவர் ஜெயித்தது சொற்ப வித்தியாசத்தில். அதோடு முடியவில்லை. 50 பேர் கொண்ட மன்றத்தில் அவருடைய கட்சியைச் சேர்ந்தவர்கள் உட்பட 29 பேர் அவருக்கு எதிராகத் திரண்டார்கள். 1986இல் நீதிமன்ற உத்தரவால் சில வார்டுகளின் எல்லை திருத்தப்பட்டு, அங்கே சிறப்புத் தேர்தல் நடக்கும்வரை மேயர் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. இனம் கட்சியை மீறும் என்பதும், மன்றத்தில் ஆள்பலம் இல்லாத மேயரால் வேலை செய்ய முடியாது என்பதும் அங்கே ஒரே நேரத்தில் தெரிந்தன. மறைமுக முறையை ஆதரிப்பவர்கள் சொல்லும் வாதத்தில் இந்த இரண்டாவது பாதி நியாயமானது.

முந்நூறு ஓட்டின் கணக்கு

உதகையில் 36 வார்டு, குன்னூரில் 30, கூடலூரிலும் நெல்லியாளத்திலும் 21, கொடைக்கானலில் 24. உதகையின் 2011 மக்கள்தொகை 88,430. வகுத்தால் வார்டுக்குச் சராசரி 2,450 பேர். கொடைக்கானலின் 36,501 பேரை 24ஆல் வகுத்தால் 1,520. குழந்தைகளைக் கழித்தால் கொடைக்கானல் வார்டு ஒன்றில் 1,100 அல்லது 1,200 வாக்காளர்கள் என்று வையுங்கள். 60 சதவீதம் பதிவானால் 700 ஓட்டு. நாலைந்து பேர் போட்டியிட்டால் 300 வாங்கியவர் கவுன்சிலர்.

இந்த அளவில் பார்த்தால்தான் மதமும் சாதியும் எப்படி ஓட்டாகின்றன என்பது புரியும். 40 குடும்பம் என்றால் 120 முதல் 150 ஓட்டு, ஜெயிக்கத் தேவையான 300இல் ஏறக்குறைய பாதி. ஒரு கத்தோலிக்கப் பங்கில் ஓர் அன்பியம் (அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் சிறு குழு), ஒரு ஜமாஅத்துக்கு உட்பட்ட ஒரு தெரு, தோட்டத் தொழிலாளர்களின் ஒரு வரிசை லைன் வீடுகள், நீலகிரியின் படகர் சமூகத்தவர் வாழும் ஊரான ஓர் அட்டியின் உறவுக்காரர்கள் என்று எதை எடுத்தாலும் அந்தப் பாதி ஓட்டு அங்கே இருக்கிறது. மேடைப் பேச்சு தேவையில்லை. திருமண மண்டபத்தில், துக்க வீட்டில், ஞாயிறு பூசை முடிந்து வெளியே நிற்கும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் வேலை இது.

ஆனால் "கிறிஸ்தவ ஓட்டு" என்று ஒரே மூட்டையாகக் கட்டுபவர் தோற்பார். கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையினர், பெந்தெகொஸ்தே சபையினர் தனித்தனி வட்டங்கள். அவற்றுக்குள்ளும் தமிழர், மலையாளி, படகர் என்றும், சாதியாகவும் பிரிவு உண்டு. முஸ்லிம்களிலும் வீட்டில் தமிழ் பேசுபவர், உருது பேசுபவர், மாப்பிளா மலையாளம் பேசுபவர் என வேறு வேறு உறவு வட்டங்கள். உதகை காந்தலில் குருசடித் திருத்தலமும் காசி விஸ்வநாதர் கோயிலும் ஒரே பகுதியில் இருக்கின்றன. நெருக்கமான வீடுகள், எல்லா மதத்தவரும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஒரே மதத்திலிருந்து மூன்று பேர் நின்றால் ஓட்டு மூன்றாகப் பிரியும், நான்காமவர் ஜெயிப்பார். எதிரணி, தனக்கு ஓட்டில்லாத சமூகத்திலிருந்தே ஒரு சுயேச்சையைத் தூண்டி நிறுத்துவது இதற்காகத்தான். நகராட்சி வார்டில் டெபாசிட் 2,000 ரூபாய், பட்டியல் சமூகத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 1,000. நூறு ஓட்டைப் பிரிக்க அது சிறிய செலவு.

சாதி, மதத்தை எது குறுக்கே வெட்டுகிறது என்றால், தண்ணீர். குன்னூருக்கு ரேலியா அணை, உதகைக்குப் பார்சன்ஸ்வேலி. கோடையில் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதை வைத்துப் பதவியில் இருந்த கவுன்சிலரைச் சொந்தச் சாதிக்காரர்களே கைவிடுவது உண்டு. மார்க்கெட் கடை வாடகையும் அப்படித்தான். 2021இல் வாடகை நிலுவைக்காக உதகை நகராட்சி மார்க்கெட் கடைகளுக்குச் சீல் வைக்கப்பட்டபோது நெருக்கடி எல்லா மதத்து வியாபாரிகளுக்கும் ஒன்றாகவே வந்தது. மகளிர் சுயஉதவிக் குழுவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடன் வாங்கவும் கட்டவும் வாராவாரம் கூடும் பெண்களின் வட்டம் சாதிப்படி அமைவதில்லை. பாதி வார்டுகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, பல வேட்பாளர்கள் முதலில் போய் நிற்கும் வாசல் அதுதான்.

சான்றிதழில் தொடங்கும் தேர்தல்

மதம் சட்டப்படியே தேர்தலுக்குள் நுழையும் இடம் ஒன்று இருக்கிறது. அதுபற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறோம்.

நீலகிரி மாவட்ட மக்களில் 32 சதவீதம் பேர் பட்டியல் சமூகத்தவர். தமிழ்நாட்டு மாவட்டங்களில் இது மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. எனவே ஒதுக்கீட்டு வார்டுகளும் இங்கே அதிகம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே பட்டியல் சாதி அந்தஸ்து. கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். ஒரே லைனில், ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளில் கோயிலுக்குப் போகிறவர் ஒதுக்கீட்டு வார்டில் நிற்கலாம், சர்ச்சுக்குப் போகிறவர் நிற்க முடியாது. தலித் கிறிஸ்தவர்கள் கணிசமாக வாழும் ஊர்களில், வார்டிலேயே மக்கள் அதிகம் மதிக்கும் ஆள் வேட்புமனுகூடப் போட முடியாமல் போவதற்கு இதுவே காரணம். பழங்குடியினருக்கு இந்தச் சிக்கல் இல்லை, அந்த அந்தஸ்து மதத்தைச் சார்ந்ததல்ல.

இதன் விளிம்பு எவ்வளவு கூர்மையானது என்பதைப் பழனி மலைக்கு மேற்கே, கேரளத்தின் தேவிகுளம் காட்டியது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த அந்தத் தனித்தொகுதியில் 2021இல் ஜெயித்தவர் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. ராஜா (நீலகிரி எம்.பி. ஆ. ராசா வேறு). அவர் கிறிஸ்தவர் என்று சொல்லி 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அந்த வெற்றியை ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி அவர் வெற்றியை உறுதி செய்தது. ஐந்தாண்டுப் பதவியில் பாதிக்கும் மேற்பட்ட காலம் வழக்கிலேயே கழிந்தது.

இன்னொரு சிக்கல், பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பது. கேரளத்திலிருந்து பிழைக்க வந்தவரின் அங்குள்ள சான்றிதழ் இங்கே ஒதுக்கீட்டு வார்டுக்குச் செல்லாது. இலங்கையிலிருந்து வந்தவர்களின் கதை வேறு. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ, இந்தியப் பிரதமர் சாஸ்திரி செய்துகொண்ட ஒப்பந்தப்படி அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. அப்படி வந்தவர்களில் பெருந்தொகையினர் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் அரசுத் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிக் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்களில் பலர் பட்டியல் சமூகத்தவர். பூர்வீக ஊர் எது, எந்தச் சாதி என்பதற்குக் காகிதச் சான்று இல்லாமல் சாதிச் சான்றிதழுக்குத் தலைமுறையாக அலைந்தவர்கள். 2022இல் வேட்புமனுத் தாக்கல் ஜனவரி 28இல் தொடங்கி பிப்ரவரி 4இல் முடிந்தது. 5ஆம் தேதி பரிசீலனை, 7ஆம் தேதி வாபஸ். ஒரு வாரத்துக்குள் சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று நினைத்தால் நடக்காது. ஓட்டுப் பலம் இருந்தும் இந்த மக்கள் வேட்பாளராக வராமல், யாருக்கோ ஓட்டுப்போடும் இடத்திலேயே நிறுத்தப்பட்டதற்குக் காகிதமும் ஒரு காரணம்.

பட்டியல் சமூகத்துக்குள்ளும் ஓர் இடறல் உண்டு. அருந்ததியருக்கான 3 சதவீத உள் ஒதுக்கீடு 2009இல் வந்தது, ஆனால் அது கல்விக்கும் வேலைக்கும் மட்டுமே, வார்டு ஒதுக்கீட்டுக்கு இல்லை. நகரைத் தினமும் சுத்தம் செய்யும் குடும்பங்கள் வாழும் காலனி ஒதுக்கீட்டு வார்டுக்குள் வந்தாலும், அந்த வார்டில் எண்ணிக்கை கூடுதலான வேறு பிரிவிலிருந்தே கட்சி ஆள் தேடுவது இயல்பாகிவிடுகிறது. தோடர் பழங்குடியினரின் நிலை இதைவிடக் கடினம். ஊருக்கு உதகமண்டலம் என்ற பெயரே மந்து எனப்படும் அவர்களுடைய குடியிருப்பிலிருந்து வந்தது. ஆனால் நகர மக்கள்தொகையில் பழங்குடியினர் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 36இல் ஒரு வார்டு என்பதே ஏறக்குறைய 3 சதவீதம்.

அட்டியும் டவுனும்

சட்டமன்றத் தேர்தலைப் பார்த்துவிட்டு நகராட்சியைக் கணிப்பவர்கள் தவறுவது படகர் ஓட்டில். உதகை, குன்னூர் சட்டமன்றத் தொகுதிகளில் பெரிய கட்சிகள் படகர் சமூகத்தவரை நிறுத்துவது நீண்ட நாள் வழக்கம். 2011 கணக்கெடுப்பில் படக மொழியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 1,33,550 பேர், மாவட்டத்தின் 7,35,394 பேரில் சுமார் 18 சதவீதம். தொதநாடு, பொரங்காடு, மேற்குநாடு, குந்தை என்ற நான்கு சீமைகளாக, ஊர்த் தலைவர்களோடு கட்டுக்கோப்பாக இருக்கும் சமூகம் அது. ஆனால் அந்த அட்டிகளில் பெரும்பாலானவை நகராட்சி எல்லைக்கு வெளியே, பேரூராட்சிகளிலும் ஊராட்சிகளிலும் இருக்கின்றன. டவுனுக்குள் படகர் பல சமூகங்களில் ஒன்று, அவ்வளவுதான். அட்டிகளின் பிழைப்பான பசுந்தேயிலையின் விலை சட்டமன்றத் தேர்தலைப் புரட்டும், நகராட்சி வார்டைப் புரட்டுவது கடினம்.

கூடலூரும் நெல்லியாளமும் வேறு உலகம். தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றும் பேசும் எல்லை. மாப்பிளா முஸ்லிம்கள், சிரியன் கிறிஸ்தவர்கள், வயநாடன் செட்டிகள், பணியர், காட்டுநாயக்கர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் என்று ஒரு வார்டுக்குள்ளேயே நாலைந்து சமூகம். இங்கே மொழியே அடையாளத்தின் முதல் கோடு, மதம் இரண்டாவதுதான். கட்சி விசுவாசமும் எல்லையைத் தாண்டும்போது உருமாறுகிறது. வயநாட்டிலும் மலப்புறத்திலும் முஸ்லிம் லீக்கும் காங்கிரசும் ஓர் அணி, மார்க்சிஸ்ட் எதிரணி. 2022இல் கூடலூரில் இந்த மூன்றும் திமுக கூட்டணியில் இருந்தன. கேரளத்துச் சொந்தக்காரர்களோடு சேர்ந்தே அரசியல் பேசும் வீட்டில், அங்கே எதிர்த்த சின்னத்துக்கு இங்கே ஓட்டுப் போடு என்று கேட்பது லேசான வேலையில்லை. ஜன்மிகள் என்ற பரம்பரை நிலவுடைமையாளர்களிடம் இருந்த ஜன்ம நிலப் பிரச்சினையும் இங்கே எந்தக் கட்சியின் வாக்குறுதியையும் விழுங்கிவிடும். 1969இல் ஜன்ம ஒழிப்புச் சட்டம் வந்தும் பட்டா கிடைக்காமல் குடியிருப்பவர்கள் மதம் பார்க்காமல் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

மார்ச் 2 முதல் 4 வரை

தலைவர் பதவி எந்தப் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது தேர்தலுக்கு முன்பே அரசாணையில் வந்துவிடும். அன்றைக்கே பாதி ஆட்டம் முடிந்துவிடும். பதவி பெண்ணுக்கு என்றால், மாவட்டச் செயலாளர் மனதில் இருக்கும் பெண்ணுக்குத் தோற்கவே முடியாத வார்டு வேண்டும். அந்த வார்டில் பத்தாண்டு வேலை செய்தவருக்கு சீட் இல்லை. அவர் சுயேச்சையாக நிற்பார். கவனமான கட்சிகள் தகுதியுள்ள மூன்று நான்கு பேரை வெவ்வேறு வார்டுகளில் நிறுத்தி வைக்கும், ஒருவர் தோற்றாலும் நாற்காலி கைவிட்டுப் போகாது.

தேர்வு நடக்கும் முறை எளிது. நகராட்சி ஆணையர் கூட்டம் நடத்துவார். ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய வேண்டும். ஒரே பெயர் என்றால் போட்டியின்றித் தேர்வு. இரண்டு பெயர் வந்தால் ரகசிய வாக்குச்சீட்டு. சமமானால் குலுக்கல். காலையில் தலைவர், பிற்பகல் துணைத் தலைவர்.

ரகசிய வாக்குச்சீட்டு என்பதே கட்சிக்குத் தலைவலி. சட்டமன்றத்தில் கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும். நகராட்சிக்கு அந்தக் கட்சித்தாவல் சட்டம் இல்லை. நீலகிரியின் இரண்டு அண்டை மாநிலங்களிலும் உண்டு: கர்நாடகத்தில் 1987ஆம் ஆண்டுச் சட்டம், கேரளத்தில் 1999ஆம் ஆண்டுச் சட்டம். கூடலூரிலிருந்து வடக்கே போனாலும் மேற்கே போனாலும் கட்சி மாறி ஓட்டுப்போடும் கவுன்சிலருக்குப் பதவி பறிபோகும் ஆபத்து இருக்கிறது, கூடலூரில் இல்லை. கட்சி செய்யக்கூடியதெல்லாம் உறுப்பினர் பதவியிலிருந்து நீக்குவதுதான், கவுன்சிலர் பதவி அப்படியே இருக்கும்.

21 வார்டு மன்றத்தில் 11 பேர் வேண்டும். ஓர் அணிக்கு 13 பேர் இருந்தால் மூன்று பேரின் அதிருப்தி போதும். அந்த மூவரும் ஒரே சமூகமாக இருந்தால், "எங்கள் ஆளுக்கு வைஸ் சேர்மன் தரவில்லை" என்ற பேச்சு எழும். வார்டில் முடிந்துபோன சாதிக் கணக்கு மன்றத்துக்குள் திரும்ப நுழையும் வாசல் இதுதான். இதைத் தவிர்க்கத்தான் தலைவர் ஒரு மதம் அல்லது சாதி என்றால் துணைத் தலைவர் இன்னொன்று என்று பங்கிடுகிறார்கள். 2022 மார்ச் 4இல் மாநிலம் முழுக்கப் பல இடங்களில் கூட்டணிக்கு ஒதுக்கிய பதவிகளில் திமுகவினரே போட்டியிட்டு ஜெயித்தார்கள். அவர்கள் பதவி விலக வேண்டும் என்று முதல்வர் ஸ்டாலின் வெளிப்படையாகச் சொல்ல நேர்ந்தது. பெரும் வெற்றி பெற்ற ஆண்டிலேயே கட்சி விசுவாசம் அந்த அளவுக்குத்தான் தாங்கியது.

இப்படி வந்த சேர்மனுக்கு ஊர் முழுக்கச் சொந்த ஓட்டு கிடையாது, ஒரு வார்டின் சில நூறு ஓட்டுதான். அதனால் நிதியை வார்டு வாரியாகப் பங்குபோட்டுக் கவுன்சிலர்களைத் திருப்திப்படுத்த வேண்டியிருக்கிறது. எல்லா வார்டுக்கும் கொஞ்சம் தடுப்புச்சுவர், கொஞ்சம் நடைபாதை. ஊர் முழுவதற்குமான குப்பைக் கிடங்கு, கழிவுநீர், வாகன நிறுத்தம் ஆகியவை தள்ளிப்போகின்றன. அவற்றுக்காகக் கேட்க எந்தச் சமூகமும் இல்லை.

2022 மார்ச்சில் தொடங்கிய மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. நிற்க விரும்புபவர் வேட்புமனு அறிவிப்பு வரும்வரை காத்திருக்கக் கூடாது. வாக்காளர் பட்டியலில் தன் பெயர் அந்த நகராட்சி எல்லைக்குள் இருக்கிறதா, 21 வயது நிறைந்ததற்குச் சான்று உண்டா, சாதிச் சான்றிதழில் உள்ள பெயரும் தகப்பன் பெயரும் ஆதாரோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். தாயகம் திரும்பிய குடும்பம் என்றால் இலங்கையிலிருந்து வந்தபோது கொடுத்த ஆவணங்களைத் தேடி எடுத்து, தாலுகா அலுவலகத்துக்கு இப்போதே போய்விடுவது நல்லது.